தோட்டத்துப் பாட்டும் தொழிலாளர் சாட்சியும்
(பதுளையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாட்டைப் பற்றிப் பேசச் சட்டம் படித்த நமக்கு என்ன உரிமை என்று சிலர் ஐயுறக்கூடும். தோட்டங்களைப் பற்றித் துரைமார் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. கம்பெனிகளின் கணக்கேடுகள் இருக்கின்றன. ஆணைக்குழுக்களின் அறிக்கைகள் இருக்கின்றன. நாள் முழுவதும் கொழுந்தெடுத்தும் அரைப்பேர் போடப்பட்ட பெண் என்ன சொன்னாள் என்பது எந்த ஏட்டில் இருக்கிறது? வேலையை விட்டு நீங்குவதே குற்றமாயிருந்த காலத்தில், தொழிலாளி நீதிமன்றத்தில் ஏறியது சாட்சிக் கூண்டிலன்று, குற்றவாளிக் கூண்டிலே. அவன் சாட்சியம் பாட்டிலேதான் தங்கிற்று. ஆதலால் பேச வந்தோம்.

அமெரிக்காவில் 1931ஆம் ஆண்டு, கென்டக்கி மாநிலத்து ஹார்லன் பகுதியிலே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் போராடினர். சங்கத் தலைவர் ஒருவரைத் தேடிக் காவலர் அவர் இல்லத்துள் புகுந்தனர். அவர் அங்கில்லை. அவர் மனைவி புளோரன்ஸ் ரீஸ் சுவரிலே தொங்கிய நாட்காட்டித் தாளைக் கிழித்து, அதிலே ஒரு பாட்டெழுதினார். சொல் புதிது, மெட்டோ ஊரறிந்த பழைய மெட்டு. 1945இல் சார்ல்ஸ்டன் நகரப் புகையிலைத் தொழிற்சாலையிலே வேலைநிறுத்தம் செய்த கறுப்பினப் பெண்கள் தேவாலயப் பாட்டொன்றைப் போராட்டப் பாட்டாக்கினர். பின்னர் அந்நாட்டு உரிமை இயக்கம் முழுவதும் அதைப் பாடிற்று.

இந்த உத்தியை நம்மவர் எவரிடமும் கடன் வாங்கவில்லை. 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தவர் கோ. நடேசய்யர். அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களிலே பாடினார். 1940இல் அப்பாட்டுகளை அச்சிலும் தந்தார். மக்கள் முன்னரே அறிந்த மெட்டுகளிலே அவை அமைந்தன. எழுத்தறியாதவரிடம் துண்டுப் பிரசுரம் என்ன செய்யும்? மெட்டோ ஒருமுறை கேட்டால் ஒட்டிக்கொள்ளும். சங்கக்காரன் தோட்டத்து எல்லைக்குள் கால்வைத்தால் அத்துமீறல் வழக்கு. பாட்டின்மீது அவ்வழக்கைத் தொடுக்க எந்தத் துரைக்கும் வழி தெரியவில்லை!

அதற்கு முந்திய பாட்டுகளைக் கேட்டவர் ஒன்றை உணர்ந்திருப்பர். துரையினும் கங்காணிக்கே ஏச்சு அதிகம். காரணம் வெளிப்படை. கடனைக் காட்டிக் கட்டியவன் கங்காணி. 1921இல் ஒழியும்வரை துண்டுமுறை தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்தது. துரை தொலைவில் இருந்தான்; கங்காணி லயத்து வாயிலில் நின்றான். ஆயின் அப்பாட்டுகளிலே ஏச்சும் அழுகையும் மிகுதி, கோரிக்கை அரிது. கோரிக்கை பின்னர் வந்தது. 1940இல் முல்லோயாவிலே கோவிந்தன் காவலர் குண்டுக்கு இரையானான். அதே ஆண்டு நம் பதுளை மண்ணிலே, வெவெஸ்ஸ தோட்டத்தில், தொழிலாளர் தம் குழுவைத் தாமே தேர்ந்தெடுத்தனர். அதனோடு கலந்தே நிருவாகம் நடத்தத் துரை இசைய நேர்ந்தது. ஏச்சோடு நிற்காத மக்களின் செயல் அது.

1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென எண்ணி ஒதுக்கிற்று. ஆளை எண்ணினார்கள், அவர் நாவிலிருந்த பாட்டை யார் எண்ணினார்? பாடத் தெரிந்த தாயொருத்தி நீலகிரிக்குப் போனாள். அவளோடு எதிர்ப்பாட்டுப் பாடியவள் பசறையிலே தனித்தாள். திருச்சியிலும் சேலத்திலும் புதுக்கோட்டையிலும் நாற்று நட்ட கைகளோடு வந்த மெட்டுகள், இங்கே கொழுந்தெடுக்கும் மெட்டுகளாயின என்பதை உழவர் பெருமக்கள் நினைவிற்கொள்ள வேண்டுகிறோம்.

1933இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக ஜான் லோமாக்ஸ் தம் மகன் ஆலனோடு ஒலிப்பதிவுக் கருவியைச் சிறைச்சாலைக்குள்ளும் கொண்டு சென்றார். இங்கோ, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, சங்கப் பணிக்கிடையே தாமே பாட்டுகளைத் திரட்டினார். அவர் 1984இல் மறைந்தார். ஒருவர் சுமந்த வேலையை இன்று பலர் சுமக்கலாம். கருவியோ ஒவ்வோர் இளைஞன் சட்டைப்பையிலும் இருக்கிறது.

சங்கக் கிளைகளுக்கு எமது வேண்டுகோள் இது. பாட்டைப் பதியுங்கள்; தோட்டம், பிரிவு, பாடியவர் வயது, அவர் யாரிடம் கற்றார் என்பவற்றையும் எழுதுங்கள். நாகரிகம் கருதி வசைச் சொற்களை நீக்க வேண்டா. சாட்சியத்தைத் திருத்துவது குற்றம். கூலிக் கோரிக்கை எழுதும் அன்பர்களும் அவற்றைப் படிக்கட்டும். பசறையிலும் தெமோதரையிலும் முதலிற் தொடங்குவோம். மூத்தவர்கள் அங்கே இன்னும் பாடுகிறார்கள்.