பிடி அரிசியும் பைசாவும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நமது சங்கத்தின் கல்வி உதவி நிதிக்காக ஆண்டுதோறும் ஐந்தாறு செல்வர்களின் இல்லங்களையே நாடுகின்றோம். அவர்களுள் ஒருவர் வேறூர் மாறிச் சென்றாலும், அவ்வாண்டில் ஏதோ ஒரு பிள்ளைக்குப் புத்தகம் இல்லாமற் போகின்றது. ஆதலின், நம்மவர் முன்பு அறத்திற்குப் பொருள் திரட்டிய வகையை ஈண்டு நினைவுகூர விழைகின்றோம்.

1923 வரை விருதுபட்டி என வழங்கிய ஊர் விருதுநகர். அங்கு நாடார் வணிகர்கள் தம் சரக்கின்மீது மகமை என்னும் சிறு தொகையை எடுத்து வைத்தனர். வண்டிகள் தங்கும் பேட்டையையும் சரக்கையும் காக்க எழுந்த அந்நிதியை உறவின்முறையார் நிர்வகித்தனர். பின்னர்க் கோயிலுக்கும் பள்ளிக்கும் அதுவே ஊற்றாயிற்று. க்ஷத்திரிய வித்தியாசாலை அவ்வாறு வளர்ந்ததேயாம்.

வணிகருக்கு மகமை, வாணிபம் இல்லாதாருக்கு? உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் இட்டு வைத்தனர் தாய்மார்கள். அவ்வரிசியை வீடு வீடாகப் பெற்று விற்றுப் பள்ளியை நடத்தினர். அப்பள்ளியிற் பயின்றவர்களுள் காமராசரும் ஒருவர். பெருங்கொடையாளரின் படம் மலரின் முதற்பக்கத்தில் இடம்பெறும்; அக்கலயத்தைப் படமெடுத்தவர் யார்?

நாம் வாழும் இம்மராட்டிய நாட்டிலும் இத்தகைய முயற்சி உண்டு. அந்தாஜி தாமோதர் காளே என்பார் தொடங்கிய ‘பைசா நிதி’யைத் திலகர் பெருமான் ஆதரித்தார். ஆளுக்கு ஆண்டொன்றுக்கு ஒரு பைசா. அந்நாளில் ரூபாய்க்கு 64 பைசா. அந்நிதியைக் கொண்டு 1908இல் தளேகாவில் கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. புனேயிலிருந்து லோனாவளா செல்லும் வண்டி நிற்கும் அதே தளேகாவ்தான்.

கணக்கெழுதுவதே தொழிலாகக் கொண்ட நமக்கு ஒன்று தோன்றுகின்றது. பைசா கொடுப்பது எளிது; அதனை வாங்க ஊர்தோறும் நடப்பதற்கே செலவு மிகுதி. அண்டை வீட்டார் கலயத்திற்கோ அச்செலவு இல்லை. எனவே குடியிருப்புக்கு ஒருவர், மாதத்தின் முதல் ஞாயிறன்று, வீட்டுக்குப் பத்து ரூபாயேனும் பெற்று அன்றே ரசீது அளிக்கலாம் என்று செயற்குழுவில் கூறியுள்ளோம். ரசீதுப் புத்தகங்கள் அச்சாகிப் பொருளாளரிடம் உள்ளன. ஒன்பது குடியிருப்புகளுக்கு ஆள் கிடைத்துவிட்டனர். இரண்டிற்கு இன்னும் வேண்டும்.