தரையிறங்காமல் எழுந்த விமானம்

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் நம் புதுச்சேரியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த நாள். மும்பையிலிருந்து வந்த இண்டிகோ விமானம் ஒன்று சென்னையில் இறங்கப் பார்த்தது. ஓடுபாதைக்கு மேலே வந்ததும் இறக்கைகள் இப்படியும் அப்படியும் சாய்ந்தன. விமானிகள் இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறிவிட்டார்கள். அதைப் படம்பிடித்த காணொளியைப் பார்த்தவர்கள் பதறினார்கள். எனக்கோ அந்த விமானிகள் மீது பெரும் மதிப்பு வந்தது.

ஏன் என்று சொல்ல, ஒரு சின்ன விமானத்தை எடுத்துக்கொள்வோம். செஸ்னா 172. விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள் உலகெங்கும் ஏறும் நான்கு இருக்கை விமானம். எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். இறங்க வரும்போது வேகம் மணிக்கு சுமார் 120 கிலோமீட்டர். 90-க்குப் பக்கத்தில் போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது. எதிரே வீசிய காற்று சட்டென்று 20 கிலோமீட்டர் குறைகிறது என்று வையுங்கள். இறக்கை உணரும் வேகம் நொடியில் 100 ஆகிவிடும். தரையோ கைக்கெட்டும் தூரத்தில். 250 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பெரிய விமானத்துக்கு அதே 20 அவ்வளவு பெரிய இழப்பில்லை.

பக்கவாட்டில் அடிக்கும் காற்று இன்னொரு சிக்கல். மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி, நண்டு நடப்பதுபோல் வந்து, தரை தொடும் முன் நேராக்க வேண்டும். அந்த நொடியில் ஒரு வீச்சு அடித்தால் விமானம் ஓரமாக ஒதுங்கும், அல்லது துள்ளும். துள்ளியதை அழுத்தி இறக்கப் பார்ப்பதுதான் மோசம். முன்சக்கரம் முதலில் மோதி ஒடியும், புரொப்பல்லர் தரையில் அடிபடும். சக்கரம் பதிந்தபின்னும் அபாயம் தீராது. காற்று வாலைத் தள்ள, விமானம் ஓடுபாதையைவிட்டு மண்தரைக்குள் ஓடிவிடலாம்.

காற்றின் வேகம் ஏறி இறங்கும் நாளில், அந்த ஏற்ற இறக்கத்தில் பாதியை இறங்கும் வேகத்தோடு கூட்டிக்கொள்ளப் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். ஆனால் கூடுதல் வேகம் கூடுதல் ஓடுபாதையைக் கேட்கும். நம் புதுச்சேரி விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டையில் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். செஸ்னாவுக்குத் தாராளம், இங்கே வந்து போகும் ஏடிஆர் பயணிகள் விமானத்துக்கு அவ்வளவு தாராளமில்லை. சுற்றிலும் வீடுகளும் மரங்களும். அவற்றில் மோதி வரும் காற்று தரைக்கருகே கலங்கித்தான் வரும்.

ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடப்பது நமக்கு நல்லது. ஆடியில் காலையில் மேற்குக் காற்று, பிற்பகலில் கடற்காற்று. எது வீசினாலும் பெரும்பாலும் எதிர்க்காற்றாக எடுத்துக்கொள்ளலாம். ஒன்று போய் மற்றது வரும் இடைவேளையில்தான் கவனம் வேண்டும். காற்றுப்பை ஒரு பக்கம் நீண்டு நிற்கும், சற்று நேரத்தில் மறுபக்கம் திரும்பிவிடும்.

அடுத்த முறை நீங்கள் வரும் விமானம் லாஸ்பேட்டை வீட்டு மாடிகள் தெரியும் உயரத்தில் திடீரென்று உறுமி மேலே ஏறினால், என்ஜினுக்கு முழு விசை கொடுத்து, மூக்கை உயர்த்தி, சக்கரத்தை மடக்குகிறார்கள் என்று அறிந்துகொள்ளுங்கள். சுற்றி வந்து இன்னொரு முறை முயல்வார்கள். காற்று விடவில்லையென்றால் சென்னைக்குப் போவார்கள். அங்கிருந்து பேருந்தில் வர மூன்று, நான்கு மணி நேரம் ஆகும்.