சில்லறைக் காசில் பேங்காக்

குறைந்த செலவில் ஒரு பெருநகரைச் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். தொலைக்காட்சியில் நிகழ்ச்சி படைப்பவள் என்றால் ஊர் ஊராகச் சுற்றுவாள், கைப்பை நிறையக் காசு வைத்திருப்பாள் என்று பலரும் நினைக்கிறார்கள். திரையில் நான் உடுத்தி வரும் புடவைகளில் பாதி இரவல் என்பதை ஒப்புக்கொண்டுவிட்டுப் பேச்சைத் தொடங்குகிறேன்.

எல்லா ஊர்களையும் பற்றிப் பொதுவாகப் பேசினால் எதுவும் மனத்தில் நிற்காது. அதனால் ஒரே ஊரை எடுத்துக்கொள்கிறேன். பேங்காக். நம் வீட்டு வாசலிலிருந்து இரயிலிலேயே போய்ச் சேரக்கூடிய பெருநகரம் அது. சிக்கனமாகப் போக வேண்டும் என்று கணக்குப் போட்டு அங்கே இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை 2009இல், டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தபோது. இரண்டாவது முறை 2025 ஜூன் மாதம், என் அம்மாவோடு. இரண்டு முறையும் காசு குறைவுதான். ஆனால் கணக்கு வேறாக இருந்தது.

2009இல் நானும் என் தோழியும் போனோம். ஆளுக்கு ஒரு முதுகுப் பை, 400 வெள்ளி. அப்போது பேங்காக்கில் ஒரு வசதி இருந்தது. சிவப்பு நிறச் சாதாரணப் பேருந்துகள் பலவற்றில் கட்டணமே கிடையாது. முன் கண்ணாடியில் ஒரு பலகை தொங்கும். மக்கள் வரிப்பணத்தில் ஓடும் இலவசப் பேருந்து என்று அதில் எழுதியிருப்பதாக ஒருவர் படித்துச் சொன்னார். 2008இல் வந்த அந்தத் திட்டம் 2017இல் நின்றுவிட்டது. 2025இல் அந்தச் சிவப்புப் பேருந்தில் 8 பாட் கொடுக்க வேண்டியிருந்தது. நான் அம்மாவோடு போனபோது 100 பாட் என்பது ஏறக்குறைய 13 வெள்ளி. அப்படியென்றால் 8 பாட் நம் காசில் ஒரு வெள்ளியும் சில காசும்தான். குளிர்சாதனம் கிடையாது, சன்னல் திறந்திருக்கும். நடத்துநர் கையில் நீளமான தகரக் குழல் ஒன்று இருக்கும். டிக்கெட்டும் சில்லறையும் அதற்குள்தான். அதைக் கடகடவென்று தட்டிக்கொண்டே வருவார். அந்தச் சத்தம் கேட்டாலே எல்லாரும் காசை எடுத்துவிடுவார்கள்.

பேருந்தைவிட எனக்குப் பிடித்தது கால்வாய்ப் படகு. சேன் சேப் என்ற கால்வாய், 1830களில் மூன்றாம் ராமா மன்னர் காலத்தில் வெட்டத் தொடங்கியது. இன்று நகரின் நடுவே சுமார் 18 கிலோமீட்டருக்கு அதில் பயணிகள் படகு ஓடுகிறது. சாலையில் ஒரு மணி நேரம் நெரிசலில் நிற்கும் தூரத்தை, படகு இருபது நிமிடத்தில் கடந்துவிடும். தண்ணீர் கறுப்பு, வாசனையும் அப்படித்தான். தெறிக்கும் தண்ணீர் மேலே படாமலிருக்க, ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் கயிற்றை இழுத்துப் பிளாஸ்டிக் திரையை உயர்த்த வேண்டும். பாலங்கள் தாழ்வாக இருப்பதால் நடத்துநர்கள் தலைக்கவசம் அணிந்துகொண்டு படகின் விளிம்பிலேயே நடப்பார்கள். துறையில் படகு நிற்பது சில விநாடிகள்தாம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதித்து ஏற வேண்டும். எனக்கு அப்போது 21 வயது, குதித்தேன்.

ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அரண்மனை வாசலுக்குச் சற்றுத் தள்ளி, நன்றாக உடுத்திய ஒருவர் எங்களை நிறுத்தினார். இன்று விசேஷ நாள், அரண்மனை மதியம்தான் திறக்கும், அதுவரை 20 பாட் கொடுத்து இந்த டுக் டுக்கில் மூன்று கோவில்களைப் பார்த்து வாருங்கள் என்றார். மூன்று கோவில்களுக்குப் பதிலாக இரண்டு நகைக்கடைகளையும் ஒரு தையல்கடையையும் பார்த்தோம். ஆள் கூட்டி வந்தால் ஓட்டுநருக்குக் கடையில் பெட்ரோல் சீட்டுக் கிடைக்குமாம். நாங்கள் எதுவும் வாங்கவில்லை. ஆனால் திரும்பி வந்தபோது அரண்மனை வாசலை அடைத்துவிட்டார்கள். அங்கே காலை 8.30 முதல் மாலை 3.30 வரை அநேகமாக எல்லா நாளும் அனுமதி உண்டு. யாராவது வழியில் நின்று மூடியிருக்கிறது என்றால், வாசல்வரை போய் உங்கள் கண்ணால் பாருங்கள்.

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் இதையெல்லாம் கதை கதையாகச் சொன்னேன். வேலை கிடைத்ததும் உங்களையும் கூட்டிப் போகிறேன் என்றேன். அம்மா பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டத்தை விற்றுத் தாமான் கட்டிய பிறகு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் பாத்திரம் கழுவினார். "எதுக்கும்மா காசக் கொண்டுபோய் அங்க கொட்டிக்கிட்டு? நீதான் டிவில ஊர் ஊராக் காட்டுறியே, அதப் பாத்தாப் போதாதா?" என்பார். நானும் கார் கடன் முடியட்டும், வீட்டு முன்பணம் கட்டி முடியட்டும் என்று தள்ளிப் போட்டேன். பிறகு கோவிட் வந்தது. அது போனபோது அம்மாவின் முழங்காலும் போய்விட்டது.

சென்ற ஆண்டு என்று சொன்னால் எந்த ஆண்டு என்று கேட்பீர்கள், 2025 ஜூன். நான் கோலாலம்பூரில் மின்சார இரயில் ஏறினேன், அம்மா ஈப்போவில் ஏறினார். மூத்த குடிமக்களுக்குக் கட்டணச் சலுகை இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். பாடாங் பெசாரில் இறங்கினால் ஒரே நிலையத்துக்குள் நம் குடிநுழைவு முகப்பும் தாய்லாந்து முகப்பும் அடுத்தடுத்து இருக்கின்றன. நமக்கு விசா வேண்டாம். ஆனால் 2025 மே மாதம் முதல், நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத்தின் தளம் அல்ல.

மாலையில் பாடாங் பெசாரில் கிளம்பும் தாய்லாந்து படுக்கை இரயில் மறுநாள் காலை பேங்காக் போய்ச் சேருகிறது. ஓர் இரவு தங்கும் செலவு மிச்சம். படுக்கைக்குச் சுமார் 1,000 பாட். மேல் படுக்கையைவிடக் கீழ்ப் படுக்கைக்கு ஏறக்குறைய 100 பாட் அதிகம், அகலமும் அதிகம். அம்மாவுக்குக் கீழே எடுத்தேன். கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றையும் அவித்த முட்டையையும் ஹட்யாய் தாண்டுவதற்குள் முடித்தோம். பணியாளர் வந்து இருக்கையை இழுத்து, வெள்ளை விரிப்புப் போட்டுத் திரையையும் மாட்டியபோது அம்மா எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் தனக்குப் படுக்கை விரிப்பது அவருக்குப் புதிது.

படுக்கை இரயில் இப்போது பழைய ஹுவா லம்போங் நிலையத்துக்குப் போவதில்லை. 2023 ஜனவரி முதல் நெடுந்தூர இரயில்கள் குருங்தெப் அபிவாட் என்ற பெரிய புதிய நிலையத்தில் நிற்கின்றன. அங்கிருந்து நீல வழித்தடச் சுரங்க இரயிலில், மாறாமல், பழைய நிலையப் பகுதிக்கு வந்துவிடலாம். நம் வங்கி அட்டையை வாயிலில் தொட்டாலே திறக்கிறது.

அங்கேதான் தவறு செய்தேன். படத்தைப் பார்த்து இரவுக்கு 550 பாட் என்று ஓர் அறையைப் பதிவு செய்திருந்தேன். சுத்தமான அறைதான். ஆனால் மூன்றாவது மாடி, மின்தூக்கி இல்லை. அம்மா கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, ஒன்றும் சொல்லாமல் ஏறினார். இரவு சாப்பிட அழைத்தேன். "பசிக்கல, நீ போயிட்டு வா" என்றார். தெருவுக்கு இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மாவுக்குப் பசி இல்லாமலில்லை. கீழே இறங்கினால் மறுபடியும் ஏற வேண்டுமே என்றுதான் வரவில்லை. உணவைப் பொட்டலம் கட்டிக்கொண்டு மேலே ஓடினேன். மறுநாள் காலை, ஐந்து நிமிட தூரத்தில், மின்தூக்கி உள்ள விடுதிக்கு மாறினோம். இரவுக்கு 850 பாட். 39 வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் அம்மாவைப் பட்டினி போடப் பார்த்திருக்கிறேன்.

அன்று முதல் கணக்கை மாற்றினேன். காலுக்கு வலி தரும் இடத்தில் காசு செலவழிப்பது, மற்ற இடங்களில் பிடித்துக்கொள்வது. அரண்மனைக்கு ஆளுக்கு 500 பாட் கட்டணம். வெயிலில் நடக்கவும் வேண்டும். வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம். அதற்குப் பக்கத்திலுள்ள வாட் போ கோவிலுக்கு ஆளுக்கு 300 பாட் கொடுத்துப் போனோம். அது கொடுக்கத் தகுந்த காசு. 46 மீட்டர் நீளத்துக்குப் புத்தர் சயனித்திருக்கிறார். அவர் முதுகுப்புறம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள். 20 பாட் கொடுத்தால் ஒரு கிண்ணம் நிறையச் சின்ன நாணயங்கள் தருகிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே நடக்க வேண்டும். அம்மா ஒன்றையும் விடாமல், உதட்டுக்குள் எதையோ சொல்லிக்கொண்டே போட்டு முடித்தார்.

வெளியே வந்தால் சாவ்பிரயா நதி. அக்கரைக்கு 5 பாட். வாட் அருண் கோபுரத்தைப் படகிலிருந்தும் கரையிலிருந்தும் பார்ப்பதற்குக் கட்டணமே இல்லை. அங்கிருந்து ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் ஏறினோம். எவ்வளவு தூரம் போனாலும் அப்போது 16 பாட், படகுக்குள்ளேயே வசூலித்தார்கள். நீலக் கொடிப் படகு சுற்றுப்பயணிகளுக்கு உரியது. அதன் நாள் சீட்டு அப்போது 150 பாட். துறையில் அதைத்தான் உங்கள் கையில் திணிப்பார்கள். கொஞ்சம் பொறுத்து நின்றால் ஆரஞ்சுக் கொடி வரும். பள்ளிப் பிள்ளைகளும், காய்கறிக் கூடையோடு பெண்களும், துறவிகளும் அதில்தான் போகிறார்கள். துறவிகளுக்கென்று தனியிடம் உண்டு, அங்கே நாம் நிற்கக்கூடாது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நதியையே பார்த்தார். பேராக் ஆறு இதைவிடச் சுத்தம் என்பது அவருடைய தீர்ப்பு.

சாப்பாட்டுக்குப் பெரிய கவலை வேண்டாம். சோற்றின் மேல் இரண்டு குழம்பு ஊற்றித் தரும் தெருக்கடைகள் எங்கும் உண்டு. வெயில் தாங்காவிட்டால் பேரங்காடிகளின் உணவகத் தளங்கள் இருக்கின்றன. அம்மாவுக்குச் செவ்வாயும் வெள்ளியும் சைவம். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று தாய் மொழியில் எழுதியிருந்தால் அது சுத்த சைவக் கடை. பூண்டு, வெங்காயம்கூட இருக்காது. கடைகளில் நம்மவர்கள் பேரம் பேசுவதைப் பார்த்தால் சில நேரம் வெட்கமாக இருக்கிறது. துணிச் சந்தையில் பேசலாம், அங்கே அது வழக்கம். நடைபாதையில் மாலை கட்டி விற்கும் பாட்டியிடம் 10 பாட் குறைக்கச் சொல்லி நிற்பது சிக்கனம் இல்லை.

மூன்றாம் நாள் மாலை, மீட்டர் போட்ட டாக்சியில் பொன்மலைக் கோவிலுக்குப் போனோம். மீட்டர் 35 பாட் காட்டித்தான் தொடங்கியது, முழங்காலுக்கு இது மலிவு. மேலே போக முந்நூறுக்கும் அதிகமான படிகள். 2009இல் நான் ஓடி ஏறிய படிகள். அம்மா அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு என்னை மட்டும் போகச் சொன்னார். எனக்கு மனமில்லை. பக்கத்தில்தான் பான்ஃபா படகுத்துறை, சேன் சேப் கால்வாய்ப் படகின் கடைசி நிறுத்தம். மெதுவாக நடத்திக் கூட்டிப் போனேன். அலுவலகம் விட்டு வருகிறவர்கள் படகு நிற்பதற்குள் கரைக்குத் தாவுவதைப் பார்த்து அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சொன்னார்: "ஒரு அஞ்சாறு வருசத்துக்கு முன்ன வந்திருந்தா நானும் குதிச்சிருப்பேம்மா."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்தப் பயணத்துக்கு எங்கள் இருவருக்கும் ஆன மொத்தச் செலவு 1,400 வெள்ளியைக் கொஞ்சம் தாண்டியது. இரயில், அறை, சாப்பாடு, கோவில் கட்டணம் எல்லாம் சேர்த்துத்தான். இந்தக் காசு 2015இலும் என்னிடம் இருந்தது, 2018இலும் இருந்தது. இல்லாத காசுக்காக நான் காத்திருக்கவில்லை. பயணம் என்றால் பெரிய காசு வேண்டும் என்று நினைத்துக்கொண்டு காத்திருந்தேன். இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களில் எத்தனை பேர் வீட்டில், பிள்ளை சம்பாதிக்கட்டும், கடன் தீரட்டும் என்று பெற்றவர்கள் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. சீலோம் சாலையிலுள்ள மகா மாரியம்மன் கோவிலுக்குப் போனோம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. உமாதேவி என்று கும்பிட்டுக்கொண்டு, தட்டில் மாலையும் பழமுமாகத் தாய்லாந்துக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே படம் எடுக்கக்கூடாது. அம்மா குருக்களிடம் தமிழில் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தார். முன்னால் நின்ற ஒரு தாய்லாந்துப் பெண் திரும்பி, அம்மா கும்பிடுவதைப் பார்த்து அதே மாதிரி கையை உயர்த்தினாள். மாலையில் இரயில் ஏறினோம்.

இறுதியாக, போக நினைப்பவர்களுக்கு இரண்டு விவரம். ஜூன் மழைக்காலம். பிற்பகலில் ஒரு பாட்டம் கொட்டும், குடை அவசியம், ஆனால் அறை விலை இறங்கியிருக்கும். பள்ளி விடுமுறை நாட்களில் பாடாங் பெசார் இரயிலின் கீழ்ப் படுக்கைகள்தாம் முதலில் தீர்ந்துபோகின்றன. பெரியவர்களைக் கூட்டிப் போவதாக இருந்தால் தேதியை இன்றைக்கே முடிவு செய்து முன்பதிவு செய்துவிடுங்கள்.