கலத்தின் வாயிலும் இரசத்தின் வேடமும்

வெப்பமானி உடைந்து, இரசம் நிலத்தில் மணிமணியாக உருண்டோடுவதைக் கண்ட நேயர்கள் பலர் இருப்பர். அம்மணிகளில் ஒன்றைப் பிள்ளை விழுங்கிவிட்டால் வீடே கலங்கும். ஆனால் உலோகநிலையிலுள்ள இரசத்தைக் குடல் ஏற்பது மிகமிக அற்பம். ஏறக்குறைய முழுவதும் வந்தவாறே வெளியேறிவிடும். (அதன் ஆவியைச் சுவாசிப்பது வேறு விடயம், அது மெய்யாகவே ஆபத்தானது.) அதே இரசம் வேறொரு சேர்வையாகி மீனுக்குள் புகுந்தபொழுது, யப்பானிலே ஒரு கடற்கரையையே முடமாக்கிற்று. உலோகம் ஒன்றாயிருக்க விளைவு இவ்வாறு மாறுபடுவானேன்? விடையின் பெரும்பகுதி, உடலின் ஒவ்வொரு கலத்தையும் சூழ்ந்திருக்கும் மென்சவ்விலே உள்ளது.

கலமென்சவ்வு என்பது கொழுப்பு மூலக்கூறுகள் ஈரடுக்காக நின்று அமைத்த வேலி. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால், அவற்றுள் ஐந்து முதல் பத்துக் கூறுகளே அதன் தடிப்பு. மின்னேற்றம் பெற்ற உலோக அயன்கள் நீரையே நாடுவன. எண்ணெயில் நீர் கலவாமைபோல அவை இக்கொழுப்பு வேலியைக் கடக்கமாட்டா. எனினும் சோடியமும் கல்சியமும் இரும்பும் கலத்துக்கு வேண்டியவை. ஆகவே வேலியிடையே புரதங்கள் வாயில்களாக அமைந்துள்ளன. ஒவ்வொரு வாயிலும் தனக்குரியதை மட்டுமே விடும்.

இரச உப்புக்கள் இவ்வாயில்களில் முட்டி மோதுவன. இரச அயனுக்குக் கந்தகத்தின்மீது தீராத பற்று. புரதங்களிலுள்ள கந்தகத்தைப் பற்றி அவற்றைக் கெடுக்கும். குடலும் சிறுநீரகமும் புண்படும். ஆயினும் விழுங்கியதில் சிறு பங்கே உடலிற் சேரும். மூளையை அடைவது மிகக் குறைவு.

மெதயில் இரசம் அவ்வாறன்று. உணவிலுள்ள மெதயில் இரசத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குவரை குடல் ஏற்றுக்கொள்ளும். கொழுப்பிற் கரைவதனால் அது வேலியை ஊடுருவுகிறது என்று முன்னர்க் கூறுவதுண்டு. உண்மை அதனிலும் விசித்திரமானது. அது சிஸ்டெயின் என்னும் அமினோ அமிலத்தின் கந்தகத்தோடு இணைகிறது. இணைந்த உருவமோ மெதியோனீன் என்னும் மற்றோர் அமினோ அமிலத்தை ஒத்திருக்கிறது. மெதியோனீன் மூளைக்கு வேண்டிய உணவு. அதனை ஏற்றிச் செல்லும் புரதம் இதனையும் ஏற்றிச் செல்கிறது. கள்வன் மதிலேறிக் குதித்தானல்லன். வீட்டாரின் உடையணிந்து தலைவாயிலால் நடந்து வந்தான்.

கியூசூத் தீவிலுள்ள மினமாட்டாவில் சிசோ நிறுவனத்தின் தொழிற்சாலை 1932 முதல் அசற்றல்டிகைட்டு என்னும் பொருளைச் செய்துவந்தது. தாக்கத்தை விரைவுபடுத்த இரச உப்பு இடப்பட்டது. கழிவுநீர் கடலை அடைந்தது. பூனைகள் வெறிபிடித்தாற்போலத் துள்ளி மாண்டன. 1956 ஏப்ரலில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, நடையும் பேச்சும் குழம்பிய நிலையில், அத்தொழிற்சாலையின் வைத்தியசாலைக்கே கொண்டுவரப்பட்டாள். அதன் தலைமை வைத்தியர் ஒசோகாவா மே 1 ஆந் திகதி இந்நோயை அதிகாரிகளுக்கு அறிவித்தார்.

1959 இல் குமமோட்டோப் பல்கலைக்கழகத்தார் காபனோடு சேர்ந்த இரசமே காரணமெனக் கூறியபொழுது நிறுவனம் மறுத்தது: தாம் இடுவது இரச உப்பே என்பது அதன் வாதம். இட்டது உப்புத்தான், அதிற் சிறு பங்கு கொதிகலத்துள்ளேயே மெதயில் இரசமாக மாறியிருந்தது. அவ்வாண்டிலேயே ஒசோகாவா கழிவுநீரை உணவிற் கலந்து கொடுத்த பூனையொன்றுக்கு அதே நோய் கண்டது, அம்முடிவு வெளியிடப்படவில்லை. அரசாங்கம் காரணத்தை ஒப்புக்கொண்டது 1968 செப்டெம்பரிலேதான். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அந்த உற்பத்தி நின்றிருந்தது. ஒன்பது ஆண்டுகள் மீன் உண்டவர்களின் கணக்கை எந்த நியாயத்தால் நேர்செய்வது?

இதனினும் கொடியது ஒன்றுண்டு. நஞ்சு தாயைத் தாக்கினாலும் நச்சுக்கொடி சேயைக் காக்கும் என்றே வைத்தியர்கள் அக்காலத்தில் நம்பியிருந்தனர். மினமாட்டாவிலோ, தாய்மார் ஓரளவு நலமாயிருக்க, அவர்கள் பெற்ற குழந்தைகள் தலை நிமிர்த்தவும் விழுங்கவும் இயலாதவராய்ப் பிறந்தனர். சேய்க்கு அமினோ அமிலங்களை ஊட்டும் வாயிலாலேயே இரசமும் சென்றது. தாயின் இரத்தத்திலும் சேயின் இரத்தத்தில் அது கூடுதலாகச் சேரும்.

இதற்குச் சான்று வீடுகளிலேயே இருந்தது. பிறந்த குழந்தையின் தொப்புட்கொடியை உலர்த்திச் சிறு பெட்டியில் வைத்துப் பேணுவது யப்பானியர் வழக்கம். வைத்தியர் அராடா மசசூமியும் அவருடன் ஆய்ந்தோரும் அக்கொடிகளைத் திரட்டி 1970களில் சோதித்தனர். தொழிற்சாலையின் உற்பத்தி ஏறிய ஆண்டுகளிற் பிறந்தோரின் கொடிகளில் மெதயில் இரசமும் ஏறியிருந்தது.

நம்மவர்க்குத் தொடர்பான ஒன்றையும் இங்கே கூறவேண்டும். எக்கடலிலும் சிறிதளவு மெதயில் இரசம் உண்டு. சிறுமீனைப் பெருமீன் உண்ண உண்ண அது திரண்டுவரும். இதனால் சுறா போன்றவற்றைக் கருவுற்ற பெண்களும் பாலூட்டுவோரும் தவிர்ப்பது நன்றெனப் பல நாடுகளின் சுகாதாரப் பகுதியினர் அறிவுறுத்துகின்றனர். பிள்ளைப்பேற்றின்பின் பாற்சுறாவைத் தேடி வாங்கும் வீடுகள் இதனைக் கருத்திற் கொள்ளலாம். நெத்தலி, சூடை ஆகியவற்றில் இரசம் மிகக் குறைவு.