மின்சாரம் கைமாறும் கணம்

ஆஸ்பத்திரி ஒன்றில் மின்விநியோகம் திடீரென்று அற்றுப்போகும்போது, ஜெனரேட்டரை ஓடவைத்து, அது சீரான வேகமும் மின்னழுத்தமும் பெற்றதும் மின்பளுவை அதற்கு மாற்றிவிடும் மகத்தான பணியைச் செய்வது, சுவரோர இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் தானியங்கி சேஞ்ச்ஓவர் சுவிட்சே. இரு மின்வழிகளும் ஒருகாலும் கலவாதபடி தடுக்கும் பூட்டமைப்பும் அதனுள் உண்டு. அப்பூட்டு பழுதானால், ஜெனரேட்டர் மின்சாரம் வெளிக்கம்பிகளுக்குள் பாய்ந்துவிடும்; வெளியே கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் பிராணனுக்கே ஆபத்து.

அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் உயிர்காப்பு மின்சுற்றுகளுக்கு 10 விநாடிக்குள் மாற்று மின்சாரம் வரவேண்டும் என்றும், இச்சுவிட்சை மாதந்தோறும் இயக்கிப் பார்க்கவேண்டும் என்றும் அந்நாட்டின் தேசியத் தீத்தடுப்புச் சங்க விதிகள் கூறுகின்றன. ஜெனரேட்டரை மாத்திரம் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைவது, என் அபிப்பிராயத்தில், பாதிப் பரீட்சையே.

சுவிட்சைப் பராமரிப்பதும் அவசியம். அதனுள் தளர்ந்த இணைப்பு சூடேறுவதை, பளு ஓடும்போதே அகச்சிவப்புக் காமிரா காட்டிக்கொடுத்துவிடும். பின்னர் இருபுற மின்சாரத்தையும் துண்டித்து, அது அற்றுவிட்டதைக் கருவியால் நிச்சயப்படுத்திக்கொண்டு, தூசி நீக்கி, இணைப்புகளை இறுக்கி, தொடுமுனைகள் கரிந்துள்ளனவா என்று நிதானமாகச் சோதிக்கவேண்டும். எல்லாம் முடிந்ததும், சுவிட்ச் ‘ஆட்டோ’ நிலைக்குத் திரும்பியிருப்பதைப் பார்த்த பிறகே கதவைச் சாத்தவேண்டும்.