தெருவும் ஒரு சான்று
அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவு, மண்ணூர்

தோழர்களே, ஷிஃப்ட் முடிந்து அறைக்குப் போய்ப் படுக்காமல் இங்கே வந்திருக்கிறீர்கள். நன்றி.

1907இல் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவர் பண்டிதர். மக்களிடம் வழங்கிய கதைகளையும் பண்டிகைகளையும் வரலாற்றுச் சான்றாக எடுத்து வைத்தவர். அந்தத் துணிவில்தான் நான் வளர்ந்த புளியந்தோப்புத் தெருவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. பின்னி மில் சங்குதான் நேரம். சங்கு ஊதினால் ஆயா அடுப்பு மூட்டும். தெருவுக்கு ஒரே அடிபம்பு. விடியும் முன்பே குடங்கள் வரிசையில் நிற்கும். குடத்துக்காரர் தூங்கிப்போனாலும் அவர் இடம் போகாது. கைக்குழந்தைக்காரிக்கு முதல் குடம். அம்மா வேலையிலிருந்து திரும்பும்வரை பக்கத்து வீட்டு அத்தை சோறு போடும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் இரவெல்லாம் கானா, தெருவே தூங்காது. ஏப்ரல் 14 வந்தால் முனைக்கு முனை நீலக்கொடி. மன்றத்து இரவுப் பாடசாலையில் எங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒரு மில் தொழிலாளி.

இதை இனிப்பாக மட்டும் சொல்லிவிட முடியாது. அந்த நெருக்கம் நாங்கள் ஆசைப்பட்டுத் தேடிக்கொண்டதல்ல. ஒரே பம்பு, அதனால் ஒரே வரிசை. கிடைக்க வேண்டியது கிடைக்காதபோது ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டோம். 1921 மில் வேலைநிறுத்தக் கலவரத்தில் புளியந்தோப்பில் நம் மக்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. நான் படித்த பாடப்புத்தகத்தில் அது இல்லை. திண்ணையில் பெரியவர்கள் சொல்லித்தான் தெரியும்.

1996இல் மில் மூடப்பட்டது, சங்கும் நின்றது. வேலை தேடிப் போன ஓர் இடத்தில் என் முகவரியைப் படித்தார்கள். “புளியந்தோப்பா?” என்று கேட்டு விண்ணப்பத்தை மடித்து வைத்தார்கள். “அடுத்த தடவ பெரம்பூர்னு எழுதுடா” என்றார் நைனா. சாதியைக் கேட்காமலே தெரிந்துகொள்ளும் வழி முகவரி.

2000க்குப் பிறகு நகரத்தின் குடிசைப்பகுதிகளைப் பெயர்த்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய் விட்டார்கள். வீட்டுக்கு வீடு கணக்கெடுத்தார்கள். பிறர் குடத்துக்கு இடம் காத்தவர்களையும், பிள்ளைக்குச் சோறு போட்ட அத்தையையும் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. வீட்டுவேலைக்குப் போன பெண்கள் வேலையை இழந்தார்கள். பிள்ளைகள் பள்ளியை விட்டார்கள்.

மண்ணூரில் நீங்கள் பல மாவட்டங்களிலிருந்து வந்து ஒரே அறையில் பாய் விரிக்கிறீர்கள். வாடகை பேசும்போது முதலில் ஊரைக் கேட்கிறார்கள். அடுத்து, ஊரில் எந்தத் தெரு என்று கேட்கிறார்கள். அது எதற்கான கேள்வி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தது. கிராமத்துத் தெருவின் வாழ்வு அதன்பிறகு நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. நகரத்துத் தெருவும் இந்த வாடகை அறையும் அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. உங்களுக்கு யார் இடம் பிடித்து வைத்தார்கள், யார் அறை இல்லை என்றார்கள், இரண்டையும் எழுதுங்கள். தெருவின் பெயரை மாற்றாமல் எழுதுங்கள்.

ஜெய்பீம்.