மானாவாரி நிலத்தில் மகசூல் பெருக்கம்: கேழ்வரகின் அனுபவம்

(பெங்களூர் ஒக்கலிபுரத்தில் மாணவர்களிடையே நிகழ்த்திய உரை)

பயிர்ப் பெருக்க ஆராய்ச்சி என்றதும் கோதுமையே முதலில் நினைவுக்கு வருகிறது. 1966இல் மெக்சிகோவிலிருந்து லெர்மா ரோஜோ, சோனோரா 64 ஆகிய குட்டை ரக விதைகள் 18,000 டன் அளவில் இறக்குமதி செய்யப்பட்டன. 1964-65இல் சுமார் 120 லட்சம் டன்னாக இருந்த நாட்டின் கோதுமை உற்பத்தி, 1967-68இல் 165 லட்சம் டன்னை எட்டியது. நார்மன் போர்லாக்கின் வித்துக்களை நம் நாட்டில் பரப்பியதில், கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனுக்குப் பெரும் பங்கு உண்டு.

குட்டைக் கோதுமையின் வெற்றி எங்கிருந்து வந்தது? அது நெட்டைப் பயிரைவிட மிகுதியாக உணவு தயாரிக்கவில்லை. தயாரித்ததைப் பங்கிட்ட விதம்தான் மாறியது. பயிரின் மொத்த எடையில் தானியத்தின் பங்கை அறுவடைக் குறியீடு என்பர். நெட்டை ரகங்களில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருந்த இது, குட்டை ரகங்களில் பாதியை நெருங்கியது. உரத்தை மிகுதியாக இட்டாலும் பயிர் சாயவில்லை. ஆனால் நீரும் உரமும் கிடைக்கும் நிலத்திற்கே இவ்வழி பொருந்தும். மழையை மட்டுமே நம்பிய உழவருக்கு என்ன வழி?

இக்கேள்விக்கு விடை தேடிய இடங்களுள் ஒன்று இந்நகரிலேயே உள்ளது. ஒக்கலிபுரத்திலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹெப்பாளில், மைசூர் அரசின் வேளாண் துறைத் தலைவராக இருந்த லெஸ்லி கோல்மன் காலத்திலேயே கேழ்வரகு ஆராய்ச்சி தொடங்கிற்று. எச்.22 என்னும் தேர்வு ரகம் 1918இல் வெளியாயிற்று. எனினும் தேர்வு செய்வதற்கு ஓர் எல்லை உண்டு. புதிய பண்புகள் வேண்டுமானால் கலப்பினம் செய்தாக வேண்டும்.

கேழ்வரகில் அது எளிதன்று. பூக்கள் மிகச் சிறியவை. தம் மகரந்தத்தாலேயே சூல் கொள்பவை. இரு வேறு ரகங்களின் கதிர்களைச் சேர்த்துக் கட்டிவைப்பது ஒரு முறை. எங்கோ சில மணிகளில் மட்டும் கலப்பு நேரும். பச்சை நிறச் செடியைத் தாயாகவும் ஊதா நிறச் செடியைத் தந்தையாகவும் கொண்டால், ஊதா நிறம் காட்டும் நாற்றே கலப்பின நாற்று என அறியலாம். ஆயிரக்கணக்கான நாற்றுக்களிடையே அவற்றைத் தேடிப் பொறுக்க வேண்டும்.

இப்பொறுமை மிக்க பணியில் ஈடுபட்டவர் மாண்டியா விசுவேசுவரய்யா கால்வாய்ப் பண்ணையைச் சேர்ந்த சி. எச். லட்சுமணையா. உழவர்கள் அவரை ‘ராகி லட்சுமணையா’ என்றே அழைத்தனர். திடமான தண்டும் பெரிய கதிரும் உடைய, ஆனால் தாமதமாக முதிரும் ஆப்பிரிக்க இனங்களை அவர் இந்திய இனங்களோடு கலந்தார். கேழ்வரகின் தாயகமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம் என்பதால், நெடுங்காலம் பிரிந்திருந்த உறவினர்களை ஒன்றுசேர்த்தார் எனலாம். இரு நிலங்களின் பெயர்களையும் இணைத்து ‘இண்டாஃப்’ எனப் பெயரிடப்பட்ட ரகங்கள் 1970களில் வயல்களில் பரவின. 1996இல் வெளியான ஜி.பி.யு.28 குலை நோயைத் தாங்கும் ரகம். அதன் பெற்றோரும் இண்டாஃப் வழியினரே. கர்நாடகக் கேழ்வரகு நிலத்தின் பெரும்பகுதியில் அது ஒன்றே பயிராகிவந்தது. இது வெற்றிதான்; ஆயினும் ஒரே ரகத்தை இத்தனை பரப்பில் நம்பியிருப்பது விவேகமா என்பதை அதிகாரிகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பயிர்வினையியலின் பங்கு இங்கு வேறு வகையானது. மானாவாரி மகசூல் மூன்றைப் பொறுத்தது: பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் நீர், அந்நீரைக் கொண்டு சேர்க்கும் உலர் எடை, அதில் தானியத்தின் பங்கு. இரண்டாவதில் கேழ்வரகுக்கு இயற்கையிலேயே வசதி உண்டு. வெப்பம் மிகும்போது கோதுமை ஈட்டியதில் ஒரு பகுதியை ஒளிச்சுவாசத்தில் இழக்கிறது. கேழ்வரகோ சோளத்தைப்போல் சி-4 வகை. கரியமிலவாயுவை இலைக்குள்ளேயே செறிவாக்கிக்கொள்வதால் இலைத்துளைகளை அகலத் திறக்காமலே உணவு தயாரிக்கிறது. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர்வினையியல் துறை, இலையிலுள்ள கார்பன் ஐசோடோப்புகளின் விகிதத்தைக் கொண்டு நீர்ச் சிக்கனம் மிக்க செடிகளை அடையாளம் காணும் ஆய்வில் பெயர்பெற்றது. நெல், நிலக்கடலை ஆகியவற்றிற்கு இந்த அளவுகோல் நன்கு பயன்படும். சி-4 பயிரில் அது அவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை என்பதால், கேழ்வரகில் வேர் ஆழத்தையும் நீரை உறிஞ்சும் திறனையும் தனியே கவனிக்க வேண்டியுள்ளது.

பொருளாதாரக் கணக்கு மகிழ்ச்சி தருவதாக இல்லை. 1960களோடு ஒப்பிட்டால் நாட்டில் ஹெக்டேருக்குக் கேழ்வரகு மகசூல் பெரிதும் உயர்ந்துள்ளது. பரப்போ ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிட்டது. கோலார்ப் பகுதியில் கேழ்வரகு விளைந்த நிலங்கள் பல தைலமரத் தோப்புகளாயின. நிலத்தடி நீர் பற்றிய கவலையால் 2017இல் கர்நாடக அரசு புதிய தைலமர நடவைத் தடை செய்தது. விதை மேம்பட்டும் நிலம் கைமாறியதற்குக் காரணம் கொள்முதலே. பஞ்சாப் கோதுமைக்குப் பின்னால் உறுதியான அரசுக் கொள்முதல் நின்றது. கேழ்வரகுக்கு அத்தகைய துணை நெடுங்காலம் இல்லை. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி, கோதுமையுடன் சிறுதானியங்களையும் பங்கீட்டுப் பட்டியலில் சேர்த்தது. 2025-26 காரீஃப் பருவத்திற்குக் கேழ்வரகின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய்; சாதாரண நெல்லுக்கு 2,369 ரூபாய். விலை அறிவிப்பு உழவரை எட்டுவது, அறுவடை முடிந்த வாரங்களில் அருகிலுள்ள கொள்முதல் நிலையம் திறந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது.